புகைக் கொட்டிலின் மண்

1862ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் தென்மாகாணங்களில், புருஷனையும் வயது வந்த பிள்ளைகளையும் யுத்த களத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டையும் வயலையும் கால்நடைகளையும் தனியாகக் கட்டிக் காத்துக்கொண்டிருந்த குடியானவப் பெண்கள், தங்கள் தாயாரோ பாட்டியோ செய்து பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்யத் தொடங்கினார்கள். பன்றி இறைச்சியைத் தொங்கவிட்டுப் புகை போடுவதற்கென்று மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு கொட்டில், அந்நாட்டுக் குடியானவர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் இருப்பது வழக்கம். அந்தக் கொட்டிலின் மண் தரையை அவர்கள் மண்வெட்டியால் கொத்திப் பெயர்த்தார்கள். பல வருஷங்களாக, மேலே தொங்கிய இறைச்சியிலிருந்து உப்பு நீர் சொட்டிச் சொட்டி ஊறிப்போயிருந்த அந்த மண்ணை, அடியில் துவாரமிட்ட மரத்தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றி வடித்து, வடிந்த கலங்கல் நீரை இரும்புக் கொப்பரையிலிட்டுச் சுண்டக் காய்ச்சி, அடியில் படிந்த பழுப்புப் பொடியை வழித்தெடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அவ்வருஷம் பல வீடுகளில் இருந்த உப்பெல்லாம் அதுதான்.

மண்ணைக் கரைத்து வடித்து உப்பெடுக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. உவர் நிலத்து மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சும் தொழிலை உப்பிலியர் என்னும் வகுப்பார் தமிழ்நாட்டில் நெடுங்காலம் செய்து வந்தார்கள். உப்பு வரிக்கு நஷ்டம் வரும் என்று ஆங்கில சர்க்கார் அதைத் தடுத்து நிறுத்தியது. ஆனாலும் அந்த அமெரிக்கப் பெண்கள் செய்ததை நினைக்கும்போது என் மனம் வேறொரு விதமாக வருந்துகிறது. செழிப்பாக இருந்த காலத்தில் தங்கள் குடும்பம் கணக்குப் பார்க்காமல் சிந்தவிட்ட உப்பை, நொடித்துப்போன காலத்தில் அதே தரையைக் கெல்லித் திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது அவர்களுக்கு.

அந்த உள்நாட்டு யுத்தத்தின் சரித்திரத்தை எழுதினவர்கள் அநேகம் பேர். கெட்டிஸ்பர்க் களத்தைப் பற்றியும், லீ, கிராண்ட் என்னும் சேனாபதிகளைப் பற்றியும், லிங்கனுடைய பெருந்தன்மையைப் பற்றியும் தமிழில்கூட நாம் படித்திருக்கிறோம். 1861 ஏப்ரல் 12ஆம் தேதி சம்டர் கோட்டையின்மீது முதல் குண்டு விழுந்தது முதல் 1865 ஏப்ரல் 9ஆம் தேதி அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்தது வரையில் நடந்த சண்டைகளைத் தேதிவாரியாகச் சொல்லக்கூடியவர்கள் உண்டு. ஆனால் சகோதரர்கள் இரு பிரிவாகப் பிரிந்து போரிடும் ஒரு தேசத்தில், போர் நடக்காத ஊர்களில் இருந்தவர்கள் தினந்தோறும் எதைச் சாப்பிட்டார்கள், எதற்காக ஏங்கினார்கள், எந்தச் சாமானுக்காக யாருடைய வாசலில் போய் நின்றார்கள் என்பதை அறிய வேண்டுமானால், பீரங்கிகளை விட்டுவிட்டு அடுக்களைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது காலியான உப்புப் பானை.

குளிர்சாதனம் இல்லாத அக்காலத்தில், உப்பு என்பது ருசிக்காகச் சேர்க்கும் பண்டம் மாத்திரம் அன்று. வருஷம் முழுவதற்குமான ஆகாரத்தைக் கெடாமல் காப்பாற்றும் காவல் அது. கருவாடும் உப்புக்கண்டமும் ஊறுகாயும் அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்மாகாணத்துச் சாமானிய ஜனங்களின் அன்றாட உணவு மக்காச்சோள மாவும் பன்றி இறைச்சியுமே. கார்த்திகை, மார்கழியில் முதல் கடுங்குளிர் இறங்கியதும், அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாகக் கூடிப் பன்றிகளை அடிப்பார்கள். துண்டம் துண்டமாக அறுத்த இறைச்சியை உப்பை அள்ளி அழுந்தத் தேய்த்து, பெட்டியில் அடுக்கடுக்காக வைத்துச் சில வாரங்கள் உப்பேற விட்டு, பிறகு கொட்டிலில் தொங்கவிட்டு, கீழே ஹிக்கரி விறகை மூட்டி மெல்லிய புகையில் வாட்டுவார்கள். அப்படி வாட்டியதுதான் அடுத்த குளிர்காலம் வரையில் அந்தக் குடும்பத்தின் கறி, கொழுப்பு எல்லாம். வெண்ணெய்க்கு உப்பு வேண்டும், மீனுக்கு வேண்டும், தோல் பதனிட வேண்டும், குதிரைக்கும் மாட்டுக்கும் நக்கக் கொடுக்க வேண்டும். ஆகவே குளிர் இறங்குகிற அந்தச் சில வாரங்களில் உப்புக் கிடைக்காமற் போனால், பன்றி தொழுவத்தில் கொழுத்து நின்றாலும் அடிக்க வழியில்லை. அடித்தால் அழுகும், அடிக்காவிட்டால் அதற்குப் போடுகிற தீனி வீணாகும். பிரிந்து நின்ற பதினொரு தென்மாகாணங்களில், ஏறக்குறைய 35 லட்சம் அடிமைகள் உட்பட, சுமார் 90 லட்சம் ஜனங்களின் வயிற்றுப்பாடு இந்த ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவு இன்றியமையாத பண்டத்தை அந்த நாடு தானே உற்பத்தி செய்துகொள்ளாமல் அசட்டையாக இருந்தது எப்படி என்று கேட்கத் தோன்றும். அதற்குக் காரணம் பருத்தி. தென்னாட்டுப் பருத்தியை ஏற்றிக்கொண்டு லிவர்ப்பூலுக்குப் போன கப்பல்கள் திரும்பி வருகையில் வெறுமையாக வந்தால் கடலில் ஆட்டம் காணும். அடிப்பாரத்துக்காக ஏதேனும் கனமான சரக்கு வேண்டும். லிவர்ப்பூலுக்கு அருகே செஷயர் ஜில்லாவில் உப்பு ஏராளம். பாரத்துக்காக ஏற்றி வந்த உப்பாகையால் கூலி அற்பம். நியூ ஆர்லியன்ஸிலும் சார்ல்ஸ்டனிலும் அது மலிவு விலைக்கு இறங்கிற்று. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கொஞ்சம் வந்தது. அந்த மலிவுக்கு முன்னால், உள்நாட்டில் ஆங்காங்கே இருந்த உவர் ஊற்றுகளில் காய்ச்சியவர்கள் அடுப்பை அணைத்துவிட்டார்கள். பருத்தி போகும்வரையில் உப்பு வரும் என்று இருந்தார்கள். 1861 ஏப்ரல் 19ஆம் தேதி லிங்கன் தென்னாட்டுத் துறைமுகங்களின்மீது கடல் முற்றுகையை அறிவித்தார். பருத்தியும் போகவில்லை, உப்பும் வரவில்லை. இந்தப் பருத்தி வராமற் போனதால்தான் லங்காஷயர் ஆலைக்காரர்கள் நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்தியையும் தேடி வந்தார்கள். இங்கே கரிசல் காட்டுச் சம்சாரி நாலு காசு அதிகமாகக் கண்ட அதே நாட்களில் அங்கே ஒரு குடியானவப் பெண் புகைக் கொட்டிலைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

முற்றுகை ஆரம்பத்தில் ஓட்டை உடைசலாகத்தான் இருந்தது. கள்ளத்தனமாக நுழைந்த கப்பல்கள் இருந்தன. ஆனால் அவை துப்பாக்கியும் மருந்தும், அதிக லாபம் தரும் பட்டும் சாராயமும் ஏற்றி வந்தனவே ஒழிய, இடத்தை அடைக்கும் உப்பு மூட்டையை விரும்பவில்லை. 1861 கோடையில் மேற்கு வர்ஜீனியாவின் கனாவா நதிப் பள்ளத்தாக்கிலிருந்த பெரிய உப்பு உலைகள் வடக்கத்தியார் கைக்குப் போயின. மறு வருஷம் செப்டம்பரில் தென்னாட்டுப் படை அந்தப் பள்ளத்தாக்கைச் சில வாரங்கள் மீட்டு வைத்திருந்தபோது, அவசர அவசரமாக வண்டி வண்டியாக உப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பே, 1862 ஏப்ரல் கடைசியில், நியூ ஆர்லியன்ஸ் விழுந்துவிட்டது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மெம்பிஸ் நகரில் அதிகாரம் செலுத்திய ஷெர்மன் என்னும் வடநாட்டுச் சேனாபதி, இறைச்சியைப் பதப்படுத்த உப்பில்லாமல் எந்தச் சேனையும் வாழ முடியாது, ஆகையால் உப்பு யுத்தத் தளவாடத்தோடு சேர்ந்ததே என்று எழுதினார். அவர் சொன்னது யுத்த நியாயத்தில் சரியாக இருக்கலாம். ஆனால் சேனைக்கும் அதன் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் அந்த வாக்கியத்தோடு இடிந்துவிட்டது.

விலை ஏறிய விதத்தைச் சொன்னால் நம்புவது கஷ்டம். யுத்தத்துக்கு முன் 2 டாலருக்கு விற்ற ஒரு மூட்டை உப்பு, 1862 இலையுதிர் காலத்தில் சில இடங்களில் 60 டாலருக்கு விற்றது. தென்னாட்டுச் சிப்பாயின் சம்பளம் மாதத்துக்கு 11 டாலர். அதுவும் மாதக்கணக்கில் பாக்கி. அந்தச் சம்பளத்தில் ஒரு காசு செலவழிக்காமல் அவன் வீட்டுக்கு அனுப்பினாலும், ஒரு மூட்டை உப்பு வாங்க ஐந்து மாதச் சம்பளம் போதாது. வரி வசூலிக்கத் தயங்கிய தென்னாட்டு சர்க்கார் நோட்டு அச்சடித்தே யுத்தச் செலவைச் சமாளித்தபடியால், காகிதப் பணத்தை வாங்கிக்கொள்ள வியாபாரிகள் மனம் கூசினார்கள். உப்பு வேண்டுமானால் சோளமாகக் கொடு, கறியாகக் கொடு என்றார்கள். உப்பே நாணயமாகிவிட்டது. வரும் விலையை எதிர்பார்த்து மூட்டைகளைப் பதுக்கியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் கிளம்பினார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நம் முன் தலைமுறையினருக்கு, இந்தப் பதுக்கல் என்ற வார்த்தையின் கசப்பு தெரிந்திருந்தது.

உப்பைத் தேடி ஜனங்கள் அலைந்த கதை தனியே ஒரு நூலாக விரியக்கூடியது. லூயிசியானாவில், சதுப்பு நிலத்தின் நடுவே மேடாக நிற்கும் ஏவரி தீவில், உவர் ஊற்று ஒன்றை ஆழப்படுத்துவதற்காக 1862 மே மாதத்தில் தோண்டியவர்களுடைய கருவி ஏதோ கல்லில் தட்டிற்று. பார்த்தால், அது கல் அன்று, பளிங்கு போன்ற கெட்டி உப்பு. பூமிக்கடியில் மலையாகக் கிடந்த அந்த உப்பை வெட்டி எடுத்துப் பல மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். முழுதாக ஒரு வருஷம் அந்த அதிருஷ்டம் நிலைக்கவில்லை. 1863 ஏப்ரலில் வடநாட்டுப் படை வந்து வேலைத்தலத்தைத் தரைமட்டமாக்கிற்று. அலபாமாவில் டாம்பிக்பீ நதிக்கரையிலிருந்த கிளார்க் ஜில்லா ஊற்றுகளில் புதிதாக உலைகள் எழுந்தன. எல்லாவற்றிலும் பெரியது வர்ஜீனியாவின் தென்மேற்கு மலைப் பகுதியிலிருந்த சால்ட்வில். அந்த ஊர்ப் பெயருக்கே உப்பூர் என்றுதான் அர்த்தம். அங்கே கிணற்று நீர் கடல் நீரைவிடப் பல மடங்கு உவர்ப்பு. நீண்ட உலைகளின்மேல் வரிசை வரிசையாகக் கொப்பரைகளைப் பதித்து, சுற்றுப்புறத்து மலைக் காடுகளை வெட்டி எரித்து, இரவு பகல் ஓயாமல் காய்ச்சினார்கள்.

கிணறும் ஊற்றும் அருகே இல்லாதவர்கள் கடலுக்குப் போனார்கள். ஜார்ஜியாவிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் உள்நாட்டுக் குடியானவர்கள் தங்கள் வீட்டுக் கொப்பரைகளை வண்டியிலேற்றிக்கொண்டு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, பல நாள் பிரயாணம் செய்து பிளாரிடாவின் வடமேற்குக் கடற்கரைக்கு வந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் வளைகுடாவின் மணலில் கூடாரமடித்துக் காய்ச்சினார்கள். தூத்துக்குடிக் கரையில் பாத்தி கட்டிக் கடல் நீரைப் பாய்ச்சிவிட்டால் மீதி வேலையைச் சூரிய பகவானே பார்த்துக்கொள்கிறான். உப்பளத் தொழிலாளி வாருவதும் சுமப்பதுமே மனித சிரமம். அடிக்கடி மழை பெய்து காற்றில் ஈரம் உலராத அந்தக் கரையில் அது நடவாது. 100 ராத்தல் கடல் நீரில் உப்பு மூன்றரை ராத்தல்தான். மற்றவை அனைத்தையும் விறகிட்டு ஆவியாக்க வேண்டும். கருப்பஞ்சாறு காய்ச்சும் பெரிய கொப்பரைகளைக் கொண்டு வந்தார்கள். பழைய நீராவிக் கொதிகலன்களைப் பிளந்து பாத்திரமாக்கினார்கள். இரவு நேரத்தில் அந்த அடுப்புகளின் வெளிச்சமும் புகையும் கடலில் வெகு தூரம் தெரியும். தெரிந்ததால்தான் ஆபத்து. முற்றுகைக் கப்பல்களிலிருந்து படகுகளில் இறங்கிய வடநாட்டு மாலுமிகள் சம்மட்டியால் கொப்பரைகளை உடைத்து, உப்பை மணலோடு கலந்து, கொட்டகைகளுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் கரைக்காரர்கள் வேறு கொப்பரை தேடிப் பிடித்துப் பழையபடி அடுப்பை மூட்டுவார்கள். 1863 டிசம்பரில் அந்த ஒரு வளைகுடாவில் மட்டும் நூற்றுக்கணக்கான அடுப்புகள் அழிக்கப்பட்டன. பிறகும் புகை எழுந்தது.

இதில் இன்னொரு விஷயமும் கலந்திருந்தது. 1862 ஏப்ரலில் 18 வயது முதல் 35 வயது வரையுள்ள வெள்ளைக்கார ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் வந்தது. சில மாதங்களில் 45 வயது வரையில் நீட்டினார்கள். உப்புக் காய்ச்சுவோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கடற்கரையில் கூடிய கூட்டத்தில், குழந்தைகளுக்கு உப்பு வேண்டும் என்று வந்தவர்களோடு, உயிர் பிழைத்தால் போதும் என்று வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று பத்திரிகைகள் நிந்தித்தன. நான் அவர்களை நிந்திக்க மாட்டேன். அதே வருஷம் அக்டோபரில் வந்த மற்றொரு சட்டம், 20 அடிமைகளுக்குக் குறையாத பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் மேற்பார்வைக்காகப் படையிலிருந்து விலக்களித்தது. உப்படுப்பின் முன் வெந்து நின்றவன் தன் விலக்கை உடம்பால் சம்பாதித்தான். பண்ணைக்காரனுக்கோ அது அவன் சொத்தின் பெயரால் கிடைத்தது. பணக்காரன் மூட்டின சண்டையில் ஏழை சாகிறான் என்ற பேச்சு படை முகாம்களிலும் கிராமத்துக் கடைகளிலும் பரவியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

உப்பு அடியோடு இல்லாமற் போயிருந்தால் ஜனங்கள் விதியை நொந்துகொண்டு சகித்திருப்பார்களோ என்னவோ. சால்ட்வில்லில் உப்பு இருந்தது, உலைகள் எரிந்துகொண்டிருந்தன, அவரவர் மாகாணத்துக்கென்று தனித்தனியே உலைகளை ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அங்கிருந்து வெளியேற இருந்த ஒற்றை ரயில் பாதையில் சேனைக்கும் தளவாடத்துக்கும் முதல் இடம். வண்டி கிடைத்தால் எஞ்சின் இல்லை; எஞ்சின் கிடைத்தால் விறகில்லை. தேய்ந்த தண்டவாளத்துக்குப் பதில் போட இரும்பு இல்லை. வர்ஜீனியா அதிகாரிகள் தங்கள் ஜனங்களுக்கே முதல் உரிமை என்றார்கள். ஜார்ஜியாவின் கவர்னர் ஜோசப் பிரவுனும் வட கரோலினாவின் கவர்னர் செபுலான் வான்ஸும் தங்கள் உப்பு வழியில் தடைப்பட்டதைப் பற்றிக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார்கள். மாகாணங்களின் தனி உரிமைக்காகப் பிரிந்து வந்தோம் என்று சொன்னவர்கள், ஒரு மூட்டை உப்பை ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குக் கடத்த முடியாமல் தங்களுக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். உள்ளூர் அதிகாரிகள் கைகட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ஜில்லாக்கள் உப்பு வாங்கி வர ஏஜெண்டுகளை நியமித்தன. ஜார்ஜியாவில் யுத்தத்தில் மாண்டவனுடைய விதவைக்கு இலவசமாகவும், போர் முனையிலிருப்பவனுடைய மனைவிக்குச் சகாய விலையிலும், மற்றவர்களுக்கு அதற்கு மேற்பட்ட விலையிலும் அரை புஷல் உப்பு அளந்து கொடுத்தார்கள். ஏழைக் குடும்பத்தை நேரடியாகத் தாங்குவது மாகாண சர்க்காரின் கடமை என்ற எண்ணம் அந்தத் தேசத்தில் அதற்கு முன்னால் அவ்வளவாக வேரூன்றியதில்லை. உப்பின் பொருட்டு அது அங்கே முளைத்தது. ஆயினும் அளந்து கொடுப்பதற்குரிய உப்பு ரயிலடிக்கு வந்து சேராத நாட்களில், எத்தனை உத்தரவு போட்டு என்ன பயன்? பன்றிக்கறியில் பத்தில் ஒரு பங்கை வரியாகத் தானியத்தோடு சேர்த்துக் கொடு என்று 1863 ஏப்ரலில் ஒரு சட்டமும் வந்தது. நம் பழைய அரசர்கள் ஆறில் ஒரு கடமை வாங்கியதை அறிவோம். பதப்படுத்த உப்பே தராமல் பதப்படுத்திய கறியில் பங்கு கேட்ட அரசரை நான் கேள்விப்பட்டதில்லை.

பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அலபாமாவில் கிரீன்வில் என்னும் ஊரில், 1862ஆம் வருஷத்து முடிவில், ஏறக்குறைய இருபது பெண்கள் ரயிலடிக்குத் திரண்டு சென்று, உப்பைத் தராவிட்டால் இரத்தம் சிந்தும் என்று கூவி, அங்கிருந்த ஏஜெண்டை மிரட்டி உப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். 1863 மார்ச்சு 18ஆம் தேதி வட கரோலினாவின் சாலிஸ்பரியில், பெரும்பாலும் சிப்பாய்களின் மனைவிமாராகிய நாற்பது ஐம்பது பேர் கையில் கோடரியோடு கடை கடையாக ஏறினார்கள். சர்க்கார் நிர்ணயித்த விலையைக் கொடுக்கிறோம், சாமானைத் தாருங்கள் என்று முதலில் மரியாதையாகவே கேட்டார்கள். மறுத்த பிறகு கதவை வெட்டினார்கள். மாவுப் பீப்பாய்களும் வெல்லப்பாகும் உப்பும் அவர்களோடு போயின. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 2ஆம் தேதி, தென்னாட்டின் தலைநகராகிய ரிச்மண்டிலேயே நூற்றுக்கணக்கான பெண்கள் கவர்னரிடம் முறையிட்டுப் பயனில்லாமல் கடைவீதியைச் சூறையாடினார்கள். யுத்தத்துக்கு முன் 38,000 பேர் வாழ்ந்த அந்த நகரத்தில் அப்போது ஒரு லட்சத்துக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். சில நாட்களுக்கு முன்னால்தான் தென்னாட்டு ஜனாதிபதி ஜெபர்ஸன் டேவிஸ் தேசம் முழுதும் உபவாசமிருந்து பிரார்த்திக்க வேண்டும் என்று ஒரு நாளைக் குறித்திருந்தார். சூறை நடந்த அன்று அவரே வந்து ஒரு வண்டியின்மேல் ஏறி நின்று, தம் சட்டைப் பையிலிருந்த காசுகளை எடுத்துக் கூட்டத்தின் நடுவே வீசி, ஐந்து நிமிஷத்தில் கலையாவிட்டால் சுட நேரும் என்று சொன்னார். கலைந்தார்கள். இந்தச் செய்தியை வெளியிட வேண்டாம் என்று பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டார்கள். வெளியிடாதிருந்தால் பசி ஆறிவிடும் என்பது போல.

தெருவுக்கு வராத பெண்கள் கடிதம் எழுதினார்கள். படிப்பு அதிகமில்லாதவர்கள், எழுத்துக்கூட்டித் தப்பும் தவறுமாக, கவர்னருக்கு எழுதினார்கள். யுத்த மந்திரிக்கு எழுதினார்கள். எல்லோருக்கும் மேலாகத் தங்கள் புருஷர்களுக்கு எழுதினார்கள். உழவுக்கு ஆள் இல்லை, பன்றி அடிக்க உப்பு இல்லை, குழந்தைக்கு ஜுரம், நீங்கள் எப்போது வருவீர்கள் என்ற அந்தச் சாதாரண வரிகளை விளக்கு வெளிச்சத்தில் படித்த சிப்பாய்கள், விடிவதற்குள் வீட்டுப் பாதையைப் பிடித்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அப்படிப் படையை விட்டு ஓடினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். எல்லையோரத்தில் இருந்தவர்கள், இரவில் பருத்தி மூட்டையைப் பகைவர் வசமிருந்த மெம்பிஸ் பக்கம் கடத்திக்கொண்டு போய், உப்போடு திரும்பினார்கள். ராஜத்துரோகம் என்று சட்டம் சொன்னது. பிள்ளை குட்டிகளுக்கு நேரும் கஷ்டத்தை நேரில் பார்க்காத சட்டம் அது.

இதுவரையில் நான் வெள்ளைக்காரக் குடும்பங்களின் துயரத்தையே சொல்லி வந்தேன். ஆனால் அந்த உப்பைக் காய்ச்சினவர்கள் யார்? சால்ட்வில்லிலும் கிளார்க் ஜில்லாவிலும் விறகு வெட்டிச் சுமந்தவர்கள், கொதிக்கும் கொப்பரையின் ஆவியில் நின்று இரவு முழுதும் உப்பை வாரிக் கொட்டியவர்கள், பெரும்பாலும் எஜமானர்கள் வாடகைக்கு விட்ட அடிமைகள். கூலி எஜமானுக்கு, கொப்புளம் இவர்களுக்கு. பிளாரிடாவின் கடற்கரையில் உப்படுப்புகள் எங்கே மறைவாக இருக்கின்றன என்று வடநாட்டுக் கப்பல்களுக்கு வழி காட்டியவர்களுள் தப்பியோடிய அடிமைகள் பலர் இருந்தார்கள். அந்த அடுப்புகளின் சூட்டை அறிந்தவர்கள் அவற்றை அணைக்க விரும்பியதில் ஆச்சரியமில்லை. வர்ஜீனியாவில் ஒரு சிறு பண்ணையில் அடிமைக் குழந்தையாக இருந்து, பின்னாளில் பெரிய கல்விமானாக விளங்கிய புக்கர் டி. வாஷிங்டன், யுத்தகாலத்து நெருக்கடியை அடிமைகளைவிட எஜமானர்களே அதிகமாக உணர்ந்தார்கள் என்று தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார்: காபியும் தேயிலையும் சர்க்கரையும் பழகினவர்களுக்கு அவை இல்லாமற் போனது பெரிய துன்பம், சோளரொட்டியும் பன்றிக்கறியும் மாத்திரமே அறிந்தவர்களுக்குப் புதிதாக இழக்க என்ன இருந்தது? இல்லாமையை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்று எனக்குக் கற்பித்தது அவருடைய அந்தக் குறிப்பே.

சால்ட்வில்லின் முடிவு கொடூரமானது. 1864 அக்டோபர் 2ஆம் தேதி வடநாட்டுப் படை ஒன்று அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கிற்று. அந்தப் படையில் கறுப்புச் சிப்பாய்களின் குதிரைப் பட்டாளம் ஒன்றும் இருந்தது. களத்தில் காயம்பட்டுக் கிடந்த அந்தச் சிப்பாய்களை, சண்டை ஓய்ந்த பிறகு, தென்னாட்டார் தேடித் தேடிக் கொன்றார்கள். டிசம்பரில் ஸ்டோன்மன் என்னும் சேனாபதி பெரும் படையோடு மறுபடி வந்து ஊரைப் பிடித்து, கொப்பரைகளை நொறுக்கி, தண்டவாள இரும்பையும் குண்டுகளையும் உவர்க் கிணறுகளுக்குள் தள்ளி அடைத்தார். அது மறுபடி பன்றி அடிக்கும் பருவம். அவ்வருஷத்துப் புகைக் கொட்டில்களின் தரையில் தோண்டுவதற்கு மண்ணும் மிச்சமில்லை. நாலு மாதத்தில் யுத்தம் முடிந்தது.

விடுதலை பெற்ற அந்தச் சிறுவன் புக்கர், தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் வர்ஜீனியாவை விட்டுப் புறப்பட்டு, தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றி, பெரும்பாலும் கால்நடையாகவே மலைகளைக் கடந்து, பல வாரம் கழித்து, கனாவா பள்ளத்தாக்கிலுள்ள மால்டன் என்னும் ஊர் வந்து சேர்ந்தான். யுத்த காலத்திலேயே தப்பிப் போயிருந்த அவனுடைய மாற்றாந்தந்தை அங்கே ஓர் உப்பு உலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பையனையும் அதே உலையில் சேர்த்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கே வேலை தொடங்கிவிடும். உப்பை நிரப்பி இடித்துக் கெட்டிப்படுத்திய பீப்பாய் ஒவ்வொன்றின்மேலும், அதை நிரப்பியவருக்கு உரிய எண்ணை மேலாள் எழுதிவிட்டுப் போவார். அந்தக் குடும்பத்துக்கு உரிய எண் 18. தினமும் மாலையில் அந்தக் குறியைப் பார்த்துப் பார்த்து, வேறோர் எழுத்தும் அறியாத பையன் அதைத் தானாகவே எழுதப் பழகிக்கொண்டான். அவன் வாழ்நாளில் கற்ற முதல் எழுத்து அது.